ஐந்து காடுகளின் வழியே ஒரு நடை

(தஞ்சாவூரில் குடும்பங்களுக்காகக் கூட்டிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளிக்கூடம் மூடியதும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். கொடைக்கானலா, ஊட்டியா, ஏற்காடா? உள்ளூரில் எங்காவது நடந்துவிட்டு வரலாமே என்று யாராவது சொன்னால், "இங்க என்ன இருக்கு, வயலும் வாய்க்காலும்தானே, காடா மலையா?" என்று பதில் வருகிறது. மலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தரை ஒரே மட்டமாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் காடு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் காடு சிதறிக் கிடக்கிறது. கோயில் பிராகாரத்தில் ஒரு மரமாக, ஆற்றுப் படுகையில் ஒரு மூங்கில் புதராக, ஊர்ப்பெயரில் ஒரு சொல்லாக, கோடியக்கரையில் மட்டும் உயிரோடு ஒரு முழுத் துண்டாக இருக்கிறது. இந்தத் துண்டுகளுக்கு நடுவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியும், நடக்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

ஊர்களின் பெயரைப் பாருங்கள். திருமறைக்காடு, திருவெண்காடு, தலைச்சங்காடு, திருவாலங்காடு, திருச்சாய்க்காடு. இன்று இந்த ஊர்களில் இறங்கி நின்றால் நாலு பக்கமும் நெல் தெரியும், தென்னை தெரியும். காட்டைத் திருத்தித்தான் இந்த மண் வயலானது. அப்படித் திருத்தும்போது என்னென்ன போகிறது என்பதைத் தமிழில் ஒருவர் கண்முன் நிறுத்தி எழுதியிருக்கிறார். மயிலாடுதுறைக்காரர் சா. கந்தசாமி, 'சாயாவனம்' என்ற நாவலில். சர்க்கரை ஆலை கட்டுவதற்காக ஒருவன் ஒரு வனத்தை விலைக்கு வாங்கி வெட்டுகிறான், தீ வைக்கிறான். கதை முழுக்க அந்த வேலைதான். கொடியை அறுப்பது, புதரைக் கழிப்பது, எரிப்பது என்று பக்கம் பக்கமாக நடக்கும். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். படித்துவிட்டு வெளியே நடந்தால் வேலியோரத்தில் நிற்கும் ஒற்றைப் புளியமரம்கூட வேறு மாதிரி தெரியும்.

இனி நான் நடக்கச் சொல்லும் வழிக்கு வருகிறேன். கும்பகோணத்துக்குத் தெற்கே பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்று ஐந்து சிவன் கோயில்கள் உண்டு. திருக்கருகாவூர் முல்லைவனம். அவளிவணல்லூர் பாதிரிவனம். அரித்துவாரமங்கலம் வன்னிவனம். ஆலங்குடி பூளைவனம். திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். ஐந்தையும் ஒரே நாளில் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். விடியற்காலையில் கருகாவூர், காலையில் அவளிவணல்லூர், உச்சிக்கு அரித்துவாரமங்கலம், சாயங்காலம் ஆலங்குடி, அர்த்தசாமத்துக்குக் கொள்ளம்பூதூர். இப்போது எல்லோரும் வேன் பிடித்துப் போகிறார்கள். ஐந்து வாசலில் இறங்கி ஐந்து அர்ச்சனைச் சீட்டு வாங்கி இரவே திரும்பிவிடுகிறார்கள். பக்தியில் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் விடியலில் தொடங்கி நள்ளிரவில் முடியும்படி ஒரு வழியை வகுத்தவர்கள், வெளிச்சம் மாற மாற மனிதன் ஐந்து வனங்களைக் கடந்து போக வேண்டும் என்று நினைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தையும் ஒரே நாளில் நடந்து முடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு வனம் போதும். அல்லது ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் வரைக்கும் ஒரு துண்டு போதும்.

கருகாவூரில் தொடங்குவோம். வெட்டாற்றங்கரை ஊர். கர்ப்பரட்சாம்பிகையிடம் பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் வருவதால் எப்போதும் கூட்டம் இருக்கும். தல மரம் முல்லை. முல்லையை மரம் என்றா சொல்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். ஆலங்குடிக்குப் போனால் இன்னும் வியப்பார்கள். அங்கே தல மரம் பூளை. முழங்கால் உயரம்கூட வளராத செடி, பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூ. பொங்கலுக்குப் பறித்து வந்து கூரையில் செருகும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஐந்து வனங்களில் ஒன்று கொடிக்கு, ஒன்று தரைச்செடிக்கு, மூன்றுதான் மரத்துக்கு. பெரிய மரம் நின்றால்தான் காடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வழியை வகுத்தவர்கள் மரத்துக்குக் கீழே படர்வதையும் காலடியில் முளைப்பதையும் சேர்த்துத்தான் வனம் என்று எண்ணியிருக்கிறார்கள். காட்டைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அது நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

அவளிவணல்லூரின் பாதிரி வேனிலில் பூக்கும், நல்ல மணம் உள்ள பூ. கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்ததும் இதே மரம்தான். இன்று நம் வட்டாரத்தில் ஒரு பாதிரியைக் காட்டச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் கோயிலைத்தான் காட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்கொல்லையிலும் இல்லை, சாலையோரத்திலும் இல்லை.

அரித்துவாரமங்கலத்து வன்னியின் கீழ் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1730ஆம் ஆண்டு ராஜஸ்தானத்தில் கேஜர்லி என்ற ஊரில் நடந்தது. சோத்பூர் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று மரம் வெட்ட ஆள் வந்தது. பிஷ்னோய் சமூகத்துப் பெண் அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் அவருடைய பெண்களையும் வெட்டினார்கள். அடுத்தடுத்து ஊர்மக்கள் வந்து மரங்களைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 363 பேர் உயிர் விட்டார்கள். அவர்கள் கட்டிப்பிடித்த மரம் இதே வன்னிதான். அங்கே கேஜ்ரி என்கிறார்கள். பாலைவனத்தில் அத்தனை பேர் உயிரைக் கொடுத்துக் காத்த மரம், ஆறுகள் ஓடும் நம் ஊரில் ஒரு கோயிலுக்குள் நிற்கிறது. பிள்ளை அண்ணாந்து பார்க்கட்டும்.

கொள்ளம்பூதூரில் வில்வம். அதை நான் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊரின் ஆற்றங்கரைக்குக் கட்டாயம் போங்கள். ஆற்றில் வெள்ளம் வந்து ஓடக்காரர் இல்லாத வேளையில் ஞானசம்பந்தர் பாடியபடி ஓடமேறி அக்கரை சேர்ந்தார் என்பது தலவரலாறு. ஐப்பசியில் ஓடத்திருவிழா இன்றும் நடக்கிறது.

கோயிலும் கோயிலும் சேரும் இடைவெளியில்தான் நடையின் சுகமெல்லாம் இருக்கிறது. வாய்க்கால் கரையில் வனத்துறை வரிசையாக வைத்த தேக்கு நிற்கும். படுகையில் மூங்கிலும் வாழையும் இருக்கும். ஊர் எல்லையில் பூவரசு, புங்கம், ஒதியம், நுணா. விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்று கோயில்கள் இலுப்பைத் தோப்பு வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்றும் சில ஊர்களில் நாலைந்து கிழ இலுப்பைகள் நிற்கின்றன. பங்குனி விடியலில் அவற்றின் அடியில் பூ கொட்டிக் கிடக்கும். வயலில் மடையான் நிற்கும், உழவு ஓடினால் பின்னாலேயே கொக்கு வரும். வரப்பில் நண்டு வளை. சம்பா அறுப்புக்கு முன்பே தூவிய உளுந்தும் பயறும் தாளுக்கு நடுவே பச்சை காட்டும். தை பின்பாதியும் மாசியும் இந்த நடைக்கு ஏற்ற காலம். பனி இருக்கும், சேறு காய்ந்திருக்கும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவதால் வாய்க்காலில் தண்ணீர் வடிந்திருக்கும். ஜூன் 12இல் திறந்த பிறகு போகிறீர்கள் என்றால் மதகுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று கரையில் வேலை செய்கிறவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக அண்டை வைத்துப் பூசிய வரப்பில் கால் வைக்கக் கூடாது, அது ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு. விடியலில் வரப்பில் பாம்பு கிடக்கும். பெரியவர் முன்னால் கம்பு தட்டிப் போக வேண்டும், பிள்ளை பின்னால் வர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கிராமப் பாதைகளில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்ததில்லை. ஊருக்கு ஒரு வழி, சேரிக்கு ஒரு வழி என்று இருந்தது. சில தெருக்களில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள் இருந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். வரப்பின் அழகைப் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வளர்ந்த பிள்ளைகளை ஒரு நாள் அங்குள்ள நினைவிடத்துக்கும் நடத்திக் கூட்டிப் போங்கள். நடவு நடும், களை பறிக்கும் பெண்களிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். எது கீரை, எது கோரை, எந்த இலையைக் கசக்கிக் காயத்தில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தது நம்மில் படித்த யாருக்கும் தெரியாது.

குடும்பமாக நடப்பது நமக்குப் புதிதும் இல்லை. சித்திரை விசாகத்தில் திருவையாற்றில் ஏழூர் புறப்பாடு நடக்கிறதே, அதைவிடப் பெரிய குடும்ப நடை எது? ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும் நந்திகேசர் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறார்கள். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்ளும். காவிரியும் குடமுருட்டியும் காய்ந்து கிடக்கும் மாதம் அது. மணலில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி நடக்க வேண்டும். தோளில் குழந்தையும் இடுப்பில் தூக்குவாளியுமாக வருகிறவர்களுக்கு வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். கடைசியில் ஏழு பல்லக்கும் திருவையாற்றில் கூடும்போது பொம்மை பூப்போடுவதைப் பார்க்கப் பிள்ளைகள் தூங்காமல் காத்திருப்பார்கள். சேதுவுக்கு நடந்து போகிறவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டி வைத்த நாடு இது. சரபோஜி காலத்து முக்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்னும் நிற்கிறது. நடக்கிறவனுக்குச் சோறு போடுவது இங்கே அரசாங்க வேலையாகவே இருந்திருக்கிறது.

அதே அரசாங்கம் வேறு கைக்குப் போனபோது நடக்கிறவனுக்குச் சோறு போடாதே என்று உத்தரவு வந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு இடமோ உணவோ கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுப்பேன் என்று அன்றைய தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று எப்படிக் கேட்பது? மரம்தான் கொடுத்தது. சாலையை அகலப்படுத்த மரம் விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிளைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால் பொட்டலத்தை எதில் கட்டுவது?

தொண்டர்கள் போய்ச் சேர்ந்த வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் முடிகிற இடத்தில், நான் சொன்ன அந்த முழுத் துண்டு இருக்கிறது. கோடியக்காடு, கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக்கினார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் காடு என்றால் போதும். ஆனால் கதைக்காக மட்டும் அங்கே போகாதீர்கள், மரத்துக்காகப் போங்கள். கிழக்குக் கரையோரம் ஒரு காலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய நல்ல பகுதிகளில் இது ஒன்று. இந்தக் காட்டுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மீதி மாதமெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும். அப்படியிருந்தும் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. இலை சிறுத்து, தடித்து, பளபளப்பாக இருக்கும். மரம் உயரமாகப் போகாது, குடை விரித்தாற்போல் தாழ்வாகப் பரவும். உயரமான காட்டைச் சினிமாவில் பார்த்துப் பழகிய பிள்ளை முதலில் ஏமாந்து போகும். கால் மணி நேரம் உள்ளே நடக்கட்டும். தாழ்ந்த கிளைகள் அந்தப் பிள்ளையின் உயரத்துக்கே வந்து நிற்கும்.

அங்கே முக்கியமான மரம் பாலை. கோடையில் மஞ்சளாகப் பழுக்கும், பால் ஒட்டும், தித்திக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் வன்னிப் பகுதிக் காடுகளிலும் இதே பாலைதான் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரிடம் பாலைப்பழம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நடுவில் இருக்கும் நீர் அவ்வளவு அகலம் இல்லை என்பதை ஒரு பழம் சொல்லிவிடுகிறது. மரங்கள் விட்டு வெட்டவெளி வரும் இடத்தில் வெளிமான் மேயும். ஆண் கறுத்து, முறுக்கிய கொம்போடு நிற்கும். இந்த மானுக்காகத்தான் முதலில் சரணாலயமே. காட்டுக்குள் உரிமையாளர் இல்லாத மட்டக் குதிரைகளும் திரியும். ராமர் பாதம் என்ற சின்ன மணல்மேட்டில் ஏறி நின்றால் காடும் உவர்நிலமும் சுற்றிலும் விரியும். நம் ஊரில் அதுவே மலை! மார்கழி, தையில் போனால் பூநாரைக் கூட்டம் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மன்னார்குடிச் சாலையில் வடுவூர் ஏரிக்கரையில் நடக்கலாம். 2022இல் அதுவும் ராம்சார் பட்டியலுக்கு வந்தது.

கோடியக்காட்டுக்கு நோய் உண்டு. வன்னியின் நெருங்கிய உறவான சீமைக்கருவேலம் உள்ளே புகுந்து, மான் மேயும் வெளியை மூடிக்கொண்டு வருகிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பாலையும் மற்ற மரங்களும் சாய்ந்தன, முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் அடிபட்டது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சம் ஒன்று இங்கே கடலோரம் நின்றது. 2004 சுனாமி அதைக் கொண்டுபோனது. கட்டடம் போனால் போனதுதான். சாய்ந்த மரம் அடியிலிருந்து தளிர்விடும். தளிர்விட்ட பாலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து தொடர்ந்து நிற்கும் காட்டைப் பழங்காடு என்று தனியாகக் குறித்துப் பாதுகாக்கிறார்கள். வயல் ஊடாகப் போகும் நடைபாதைகளை வரைபடத்தில் பதிவு செய்ய 1949லேயே சட்டம் போட்டார்கள். சொந்தக்காரர் மாறினாலும் அந்தப் பாதை மாறாது. நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஏங்க வேண்டாம். நம் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதையும் வாய்க்கால் புறம்போக்கும் குறித்துத்தான் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் காட்டுவார். பெரிய கோயில் கல்வெட்டுகளில்கூட, ஊருக்குள் ஊடுருவி ஓடும் வாய்க்கால்களையும் குளங்களையும் தனியாக எண்ணி வரி நீக்கி வைத்திருக்கிறான் ராஜராஜன். பொதுவானதைப் பொதுவென்று எழுதிவைக்கும் பழக்கம் இங்கே ஆயிரம் ஆண்டுப் பழக்கம். எழுதியது இருக்கிறது, பாதையில்தான் கருவேலமுள் மண்டியிருக்கிறது, கரையில்தான் குப்பை கிடக்கிறது.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். கருகாவூரிலிருந்து அவளிவணல்லூர் வரைக்குமான ஒரு துண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்த வழியில் உள்ள கிராமங்களின் வரைபடத்தில் பொதுப்பாதையும் கரையும் எவ்வளவு அகலம் என்று பார்த்து, முள்ளை வெட்டி நடக்கிற மாதிரி ஆக்கித் தரும்படி ஊராட்சிகளுக்கும் நீர்வளத்துறைக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாசலில் மேசைமேல் இருக்கிறது. இரண்டாவது காரியம் மரம் வைப்பது. வழியில் நிழலுக்கு எதை வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். பாதிரியும் இலுப்பையும் வைப்போம். பாதிரி நாற்று எளிதில் கிடைக்காது. விதை சேர்த்து வளர்க்க வேண்டும், வனத்துறை நாற்றங்காலில் கேட்டிருக்கிறேன். கரையை எப்போது வெட்டுவார்கள், எந்த இடத்தில் வைத்தால் மண்வெட்டி படாது என்று பாசனம் பார்க்கிறவர்கள் நம்மோடு வந்து சொல்ல வேண்டும். இரண்டு கோடைக்காவது கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக் கரையோர வீடுகளில் ஆள் வேண்டும். இந்த அவையில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேசைப் பக்கம் வந்து உங்கள் ஊர்ப்பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.